யுனிவர்ஸ் தரவுத்தளம்: டைனமிக்கா, ஸ்டாட்டிக்கா?

ராக்கெட் யுனிவர்ஸில் புது ஃபைல் உருவாக்கும்போது பலரும் யோசிக்காமல் தானாக வளரும் டைப் 30-ஐப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சரியான தேர்வுதான். இந்த டைனமிக் வகை, நிரம்பும் அளவு 80 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு குரூப்பை, அதாவது பதிவுகளை வைக்கும் தொகுதியை, இரண்டாகப் பிரிக்கும். 50-க்குக் கீழே போனால் சேர்க்கும். ஆனால் இயல்பாக மினிமம் மாடுலஸ், அதாவது குறைந்தபட்ச குரூப் எண்ணிக்கை, 1. லட்சக்கணக்கான பதிவுகளை ஒரே மூச்சில் ஏற்றினால், ஏற்றும் நேரத்தில் கணிசமான பங்கு பிரிப்பதிலேயே போய்விடும். எதிர்பார்க்கும் அளவுக்கு வேண்டிய குரூப் எண்ணிக்கையை முன்கூட்டியே மினிமம் மாடுலஸாகக் கொடுங்கள். ஃபைலைக் காலிசெய்து மறுபடி நிரப்பும் வேலைகளுக்கும் இதுவே மருந்து.

டைப் 2 முதல் 18 வரை ஸ்டாட்டிக், அதாவது குரூப் எண்ணிக்கை தானாக மாறாத வகை. அளவு மாறாத குறிப்பு அட்டவணைகளுக்கு இதன் வேகம் அருமை, கணக்கு சரியாக இருந்தால். 200 பைட் சராசரியில் 1,00,000 பதிவுகள் என்றால் மொத்தம் 2 கோடி பைட். குரூப்பின் அளவை 512 பைட் அலகில் சொல்வது செபரேஷன்; செபரேஷன் 4 என்பது 2,048 பைட் குரூப். அதில் 80 சதவீதம் மட்டும் நிரப்பினால் சுமார் 12,210 குரூப் வேண்டும். அடுத்த பகா எண் 12,211. அதையே மாடுலஸாக வையுங்கள். டைப் எண்ணைப் பதிவை அடையாளம் காட்டும் சாவியின் வடிவம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், சந்தேகமிருந்தால் 18.

ஸ்டாட்டிக்கின் பெரிய குறை, அது தானாக வளராது. குரூப் நிரம்பியதும் பதிவுகள் ஓவர்ஃப்ளோ என்ற கூடுதல் இடத்துக்குப் போகும், ஒவ்வொரு தேடலும் இழுக்கும். ஃபைலின் நிலையைக் காட்டும் ஃபைல்.ஸ்டாட் அறிக்கையை அவ்வப்போது பார்த்து ரீசைஸ் செய்ய ஆள் இல்லாத அலுவலகம் இந்தப் பக்கமே போகவேண்டாம்.