டயானா 34-க்கு ஒரு ட்யூனிங் கிட்: கைடுக்கு மாலை போடலாம், ஓ-ரிங்கை என்ன செய்வது?

கிட்டின் விலை இறங்கியதிலிருந்து, "இப்போ வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். செய்தவர் பெயர் இங்கே வேண்டாம். பேரலை மடித்து ஸ்பிரிங்கை அமுக்கும் டயானா 34 ஏர் ரைஃபிளுக்கு வெளியார் செய்து விற்கும் கிட்டுகளில் பெரும்பாலும் இதே ஐந்து உருப்படிதான்: பிஸ்டனைத் தள்ளும் மெயின் ஸ்பிரிங், அதன் உள்ளே பின்பக்கம் நிற்கும் டெல்ரின் (ஒருவகைக் கடின பிளாஸ்டிக்) கைடு, முன்பக்கம் உட்காரும் தொப்பி வடிவ டாப் ஹாட், பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் பாலியூரித்தேன் பிஸ்டன் சீல், பேரலின் பின்முனையில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான பிரீச் ஓ-ரிங். நீண்ட நாள் ஓட்டியபின் நான்கைப் பற்றிக் குறை சொல்ல மனமில்லை. ஐந்தாவதைப் பற்றித்தான் இந்தப் பதிவே.

முதலில் கைடு. சுட்டவுடன் வரும் அந்த 'டொய்ங்' ஓசை அடியோடு போனது இதனால்தான். ஸ்பிரிங் அமுங்கும்போது அதன் சுருள் விட்டம் லேசாகப் பெருக்கும், விரியும்போது பழைய அளவுக்குத் திரும்பும். எனவே விரிந்த நிலையில் கைடை இறுக்கிப் பிடித்தால்தான் சுட்டு முடிந்த கணத்தில் சுருள்கள் ஆடாமல் அடங்கும். சரியான கைடு ஸ்பிரிங்குக்குள் கையால் திருகித் தள்ளினால் போகவேண்டும். தானாக வழுக்கி விழுந்தால் தளர்வு. சுத்தியல் கேட்டால் இறுக்கம். இந்தக் கைடு அவ்வளவு கச்சிதம். கடைசல் கோடுகூட விரலுக்குத் தட்டுப்படவில்லை. நைலான் ஈரத்தைக் குடித்து ஊதும், டெல்ரின் அநேகமாக ஊதாது. கடலோர ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. மழைக்காலம் தாண்டியும் பிடி மாறவில்லை.

ஸ்பிரிங்கை மாட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். கம்பித் தடிமன் × சுருள் எண்ணிக்கை = முழுக்க அமுங்கிய நீளம். 3.2 மி.மீ. கம்பியில் 30 சுருள் என்றால் 96 மி.மீ. இதோடு டாப் ஹாட்டின் விளிம்பு, கைடின் அடித்தட்டு, வாஷர் எல்லாவற்றின் தடிமனையும் கூட்டி, காக் செய்த (ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டிய) நிலையில் உள்ளே இருக்கும் இடத்தோடு ஒப்பிடுங்கள். சில மில்லிமீட்டராவது மிச்சம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ட்ரிக்கர் கொக்கி மாட்டுவதற்கு முன்பே சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். அப்போது பலம் போட்டு இழுத்தால் வளைவது காக்கிங் லீவர்தான். ஸ்பிரிங்கைக் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்து வளைவு இருந்தால் திருப்பி அனுப்புங்கள். இரண்டு முனையும் தட்டையாகத் தேய்த்து மழுக்கியிருக்கவேண்டும். கிட்டோடு வந்த ஸ்பிரிங் இதிலெல்லாம் தேறியது.

"பவர் கூடுமா?" என்று கேட்காதீர்கள். 0.547 கிராம் பெல்லெட் (ஈயக் குண்டு) நொடிக்கு 240 மீட்டரில் போனால் 15.75 ஜூல். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள குழல் விட்டம் 4.5 மி.மீ., ஆற்றல் 20 ஜூல் என்ற வரம்பு இருக்கிறது. வாஷர் மேல் வாஷர் போட்டு ஸ்பிரிங்கை நெருக்கினால் பிஸ்டன் காற்று மெத்தையில் மோதித் துள்ளி உதறல்தான் கூடும்.

பிஸ்டன் சீலைத் தனியாக எடுத்துச் சிலிண்டரில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளுங்கள். எதிர்ப்போடு நகர்ந்தால் சரி. மிகவும் இறுக்கமானால் 400 எமரித் தாளில் சுற்றிலும் சமமாகத் தேய்க்கலாம். தொளதொளத்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. உள்ளே இறக்கும்போது காக்கிங் துளையின் பிசிறு சீலின் உதட்டை அறுத்துவிடும். முதலில் அந்த விளிம்பை மழுக்குங்கள். மாலி (மாலிப்டினம்) பேஸ்ட்டைப் பிஸ்டனின் பக்கவாட்டில் மெல்லப் பூசினால் போதும், சீலுக்கு முன்னால் எண்ணெய் கூடாது. அழுத்தத்தில் அது பற்றிக்கொள்ளும். மற்றபடி பாலியூரித்தேனில் இரண்டு ஜாதி உண்டு. பாலியெஸ்டர் வகை ஈரத்தில் காலப்போக்கில் சிதையும், பாலியீத்தர் வகை தாங்கும். பழைய ஃபைன்வெர்க்பாவ் 124 ஏர் ரைஃபிளின் மூலச் சீல்கள் சும்மா இருந்தே பொடிந்து பிசினாகிப் போனது ஏர்கன்காரர்கள் அறிந்த கதை. இந்தக் கிட்டின் சீல் எந்த வகை என்று கேட்டால், "நல்ல மெட்டீரியல் சார்" என்பதே விற்பவரின் பதில்.

இனி ஓ-ரிங்.

பேரல் மூடும்போது உலோகம் உலோகத்தோடு சேரவேண்டும், மூடிய பேரலைப் பிடிக்கும் பந்து பூட்டு முழுக்க உட்காரவேண்டும், காற்று கசியாத அளவுக்கு மட்டும் ரப்பர் நசுங்கவேண்டும். ரிங் தடித்திருந்தால் பேரல் எங்கே நிற்பது என்பதை உலோகத்துக்குப் பதில் ரப்பர் முடிவு செய்யும். கிட்டில் வந்தது 2.62 மி.மீ. குறுக்களவு. அங்குலக் கணக்கு ரிங்குகளில் சர்வசாதாரணமாகக் கிடைப்பது. கழற்றிய பழசைவிட வெளிப்படையாகத் தடிமன். ரப்பர் நசுங்கும், கன அளவு குறையாது. ரிங் உட்காரும் காடி நிறைந்துவிட்டால் அது போக இடமில்லை, பேரலைத்தான் தள்ளும்.

பேரல் கீழ்நோக்கி மடிவதால், முழுக்க மூடாத பேரலின் முனை கீழே தொங்கும். ஸ்கோப்போ மேலே சிலிண்டரில் இருக்கிறது. கீல் ஊசிக்கும் குழல் மையத்துக்கும் 15 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அங்கே 0.01 மி.மீ. மாறினாலே 10 மீட்டரில் அடி 6 முதல் 7 மி.மீ. நகரும். புது ரிங்கில் அடி தாழ்வாக விழும், ரப்பர் படியப் படிய மேலே ஏறும், வெயிலில் இன்னொரு இடம். இடவலம் ஒழுங்காக, மேல்கீழ் மட்டும் நீண்ட குரூப் (துளைக் கூட்டம்). ஆளாளுக்கு ஸ்கோப்பையும் மவுண்ட் ஸ்க்ரூவையும் பிடியையும் சந்தேகிப்பார்கள். பேரலிலேயே இருக்கும் இரும்புச் சைட்டில் சுடுபவருக்கு இது தெரியவே தெரியாது. சைட் இரண்டும் பேரலோடு சேர்ந்தே சாய்கின்றன. விற்பவர் அதில்தான் சோதித்திருப்பாரோ என்னவோ.

கண்டுபிடிக்க எளிய வழி: பேரலை மெதுவாக மூடி ஐந்து, பட்டென்று அடித்து மூடி ஐந்து சுடுங்கள். இரண்டாவது குரூப் மேலே போனால் ரிங் அதிக உயரம் என்று அர்த்தம். அளந்து பார்ப்பதானால் பிரீச் முகத்தில் நேர்விளிம்பை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். ரிங் உலோகத்தைவிட 0.1 முதல் 0.2 மி.மீ. துருத்தினால் போதும். குறைவாக இருந்தால் எதிர்க்குறை: மூட்டின் மேல் வைத்த டிஷ்யூத் துண்டு சுடும்போது துடிக்கும்.

கடைசலும் தேய்ப்பும் இவ்வளவு நேர்த்தியாகச் செய்யத் தெரிந்தவருக்கு, சில ரூபாய் ரிங்கை வெர்னியரில் ஒருமுறை வைத்துப் பார்க்க நேரமில்லை. கைடுக்கு ஐந்துக்கு ஐந்து, ஸ்பிரிங்குக்கு நாலரை, சீலுக்கு நாலு. மொத்தக் கிட்டுக்கு இரண்டு. கூட்டிப் பார்த்தால் கணக்கு வராது, தெரியும். துப்பாக்கி வைத்திருப்பது குறி அடிக்க. கைடு மட்டும் தனியாக விற்றால் நாளைக்கே இன்னொன்று வாங்குவேன்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் அந்த ரிங்கை எமரியில் தேய்த்து ஒப்பேற்றவேண்டாம், சமமாக வராது. பழைய ரிங்கோடு ஹைட்ராலிக் சீல் கடைக்குப் போங்கள். உள்விட்டம் அதேதான், குறுக்களவில் 2.4, 2.5 இரண்டும் கேளுங்கள். நைட்ரைல் ரப்பரில் 70 ஷோர் கடினம் போதும், 90 ஷோர் பாலியூரித்தேன் கிடைத்தால் நீடித்து உழைக்கும். 2.4 தாழ்ந்து உட்கார்ந்தால் அதனடியில் 0.1 மி.மீ. ஓ.எச்.பி. ஷீட்டை (புரொஜெக்டருக்கான பிளாஸ்டிக் தாளை) வளையமாக வெட்டிப் போடுங்கள். ஸ்கோப்பை ஜீரோ செய்வதை (குறியை அடி விழும் இடத்தோடு பொருத்துவதை) அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.