மூத்த மருத்துவமனை நிர்வாகிகளுக்கான பயிற்சி: பாதிக்குப் போகலாம்

அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்கள், துறைத்தலைவர்கள், தலைமைச் செவிலியர்களுக்கான நிர்வாகப் பயிற்சி இது. படுக்கை மேலாண்மைப் பகுதி அருமை. வார்டு நிரம்பி வழிந்தால் எல்லோரும் கூடுதல் படுக்கைதான் கேட்கிறோம். ஆனால் காலையிலேயே வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்ன நோயாளி, டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் மருந்துக்கும் காத்துச் சாயங்காலம் வரை அங்கேயே இருக்கிறார், அவசரப் பிரிவில் இன்னொருவர் ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்கிறார், இதை எங்கள் பதிவேடுகளை வைத்தே வரைய வைத்தார்கள். மருந்தாளுநரையும் துப்புரவுப் பணியாளரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசாமல் இது தீராது என்பது யாரும் சொல்லாமலே புரிந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலையும் நன்றாக எடுத்தார்கள். 19 அம்சங்கள்தான், மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அரங்கை விட்டுப் போகும் முன் நின்று சரிபார்க்க வேண்டும். படிவத்தில் டிக் விழுந்ததா என்பதைவிட, பெரிய டாக்டரையே "சார், ஒரு நிமிடம்" என்று நிறுத்த இளைய செவிலியருக்குத் தைரியம் இருக்கிறதா என்று பாருங்கள் என்றார் பயிற்சியாளர். சரியான பேச்சு.

அப்புறம் வந்த தலைமைப்பண்பு ஸ்லைடுகள்? தூக்கம்தான். ஒரு ஊழியரை நியமிக்கவோ மாற்றவோ அதிகாரம் இல்லாதவரிடம், ஒரு கருவி வாங்கவே மேலிடத்துக் கோப்பு திரும்பி வரக் காத்திருப்பவரிடம், "சரியான ஆட்களைத் தேர்ந்தெடுங்கள்" என்று தனியார் நிறுவனக் கதை சொல்லி என்ன பயன்? கொள்முதல் பற்றிப் பேச்சே இல்லை, நோயாளிகளின் புகார்களைக் கடைசியில் அவசரமாகத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் போகலாம். உங்கள் வார்டின் டிஸ்சார்ஜ் நேரக் குறிப்புகளை மறக்காமல் எடுத்துப் போங்கள்.