ஓவனில் ஃபேன் போடலாமா, வேண்டாமா?

ஓவன் குமிழில் இரண்டு படங்கள்தான் அதிகம் குழப்பும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு என்றால் இரண்டு பக்கமும் உள்ள கம்பிச்சுருள் (காயில்) சூடேறும். காற்றை யாரும் தள்ளுவதில்லை. வட்டத்துக்குள் விசிறி என்றால், பின்பக்க வளையக் காயிலின் சூட்டை ஃபேன் உள்ளே முழுக்கச் சுழற்றும்.

கேக்குக்கு என் ஓட்டு கோடுகளுக்கே. ஃபேன் காற்று மேல்பரப்பைச் சீக்கிரம் காயவைத்து இறுக்கிவிடும். உள்ளே மாவு அப்புறமும் உப்பிக்கொண்டிருக்கும், போக வழியில்லாமல் நடுவில் மேடாகி வெடிக்கும். வீட்டில் சுடும் பிரெட்டுக்கும் இதே கதை. முதல் சில நிமிடங்கள் ஆவி இருந்தால்தான் மேல்தோல் இளகி நன்றாக எழும்பும். ஃபேன் அதை விரட்டிவிடும்.

பிஸ்கட் என்றால் கட்சி மாறிவிடுவேன். கோடு முறையில் இரண்டு தட்டு வைத்தால் மேல்தட்டு மேலே கருகும், கீழ்த்தட்டு அடியில் கருகும். ஃபேனில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வேகும். ஆனாலும் பாதியில் தட்டைத் திருப்பி வையுங்கள், ஃபேன் அருகே சீக்கிரம் சிவந்துவிடும். முழுக் கோழி, உருளைக்கிழங்கு வறுவலுக்கும் ஃபேன்தான், தோல் மொறுமொறுப்பாகும்.

சமையல் குறிப்பில் 180 டிகிரி என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் கோடு முறைக்கான கணக்கு. ஃபேனுக்கு 160 போதும். வீட்டு ஓடிஜியில், அதாவது மேசைமேல் வைக்கும் சின்ன ஓவனில், ஃபேன் படமே இல்லையா? சரி, ஒரு தடவைக்கு ஒரு தட்டு, நடு அடுக்கில்.