புதிதாக வந்தவர்களுக்கு உதவும் மையம்: எங்கள் அனுபவம்

அகதிகளுக்கும் குடியேறி வருபவர்களுக்கும் உதவும் ஒரு சமூக அமைப்பை எங்கள் குடும்பம் நாடியது, தாராளமாகப் பரிந்துரைப்பேன். போனதும் படிவத்தை நீட்டாமல், உட்கார வைத்து, எந்த மொழியில் பேசினால் வசதி என்று கேட்டார்கள். அப்புறம் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, அம்மாவின் மருத்துவக் குறிப்பை வரிவரியாக அம்மாவுக்கே விளக்கினார்கள். பல இடங்களில் இதைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிடுவார்கள்; பெற்றோரின் நோயையும் பட்ட பாட்டையும் ஒரு சிறு குழந்தையின் வாயால் சொல்ல வைப்பது கொடுமை.

மொழி வகுப்பு நடக்கும்போது பக்கத்து அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், அதனால்தான் தாய்மார்களால் வர முடிகிறது. வேலை தேடித் தருவது சுமார்தான். மாலை வகுப்பு இல்லாதது பெரிய குறை, பகலில் உழைக்கிறவர் எப்போதுதான் படிப்பது?

தஞ்சம் கேட்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 1951 அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், நாட்டுரிமை, குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து என்று காரணங்களை வரையறுத்திருக்கிறது, அவற்றில் ஒன்றால் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சத்துக்கு அடிப்படை இருப்பதைக் காட்ட வேண்டும். நல்ல மனமுள்ள தன்னார்வலர் விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பது மட்டும் போதாது. இங்கே அதை நேர்மையாகச் சொல்லி வழக்கறிஞரிடம் அனுப்புகிறார்கள், தஞ்சக் கோரிக்கையை விசாரிக்கும் நேர்காணலுக்கு முன்பே போய்ப் பார்த்துவிடுங்கள்.