டெக்சன் பிஎல்-330: ஜாமிங்கைக் கேட்டுப் பிரித்தறிய ஒரு சின்ன ரேடியோ

பிறநாட்டு வானொலி தன் மக்களின் காதில் விழக்கூடாது என்று நினைக்கும் அரசு, அதே அலைவரிசையில் வேறு சத்தத்தை ஏற்றி அதை மூடப் பார்க்கும். இதுதான் ஜாமிங், சத்தம் போடும் நிலையம் ஜாமர். அதைக் கொழும்பில் இருந்தபடியே கேட்கலாம். அதற்கு இந்தப் பெட்டி போதும். பாட்டும் செய்தியும் மட்டும் வேண்டுமென்றால் இது தேவையில்லை.

சிற்றலையில் 1711 முதல் 29999 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். பற்றரி பிஎல்-5சி, பழைய நோக்கியா போன்களில் இருந்த அதே வகை. புறக்கோட்டையில் தேடி அலையவேண்டி வராது. மத்திய அலைக்கு இங்கே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. பெட்டி 10இல் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

இதை வாங்குவதற்கான காரணம் எல்எஸ்பி, யூஎஸ்பி என்ற இரண்டு வசதிகள்தான். எல்எஸ்பி அலையின் கீழ்ப் பக்கத்தை மட்டும் கேட்கும், யூஎஸ்பி மேல் பக்கத்தை மட்டும் (சார்ஜ் போடும் யூஎஸ்பி அல்ல). சீனா ஒரு காலத்தில் சேகண்டியும் குழலும் அதிரும் இசையை ஓயாமல் ஓடவிட்டுப் பிற நிலையங்களை மூடியது; பிறகு தன் தேசிய வானொலியையே அதே அலைவரிசையில் ஏற்றிவிடுகிறது. நார்வே அமைப்புகள் தொடங்கிய திபெத்தியக் குரல் வானொலி, நிலையங்கள் வழக்கமாக நிற்கும் 5இன் மடங்குகளை விட்டு ஒன்றிரண்டு கிலோஹெர்ட்ஸ் தள்ளி உட்கார்ந்து தப்பப் பார்க்கும். ஜாமர் மேலே விலகி நின்றால் எல்எஸ்பி, கீழே நின்றால் யூஎஸ்பி. பிறகு 10 ஹெர்ட்ஸ் படியில் நகர்த்தி, விசில் சத்தம் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். குரல் மேலே வரும். நிலையமும் ஜாமரும் ஒரே புள்ளியில் விழுந்தால் எந்த வசதியும் உதவாது, ஏனென்றால் இரு பக்கமும் ஒரேயளவு கெட்டிருக்கும்.

நிலையங்களைத் தானாகத் தேடிச் சேமிக்கும் ஈடிஎம் வசதியை இந்த வேலைக்கு நம்பவேண்டாம். அது வலுவான அலையைத்தான் பார்க்கும், ஜாமரும் வலுவானதுதானே! கையால் ஒவ்வொரு கிலோஹெர்ட்ஸாகத் தேடுங்கள்.

ஐந்தாறு மீற்றர் வயரைக் கம்பி அன்டெனாவில் கொளுவினால் நல்ல மாற்றம் தெரியும். அதைவிட நீட்டினால் வலுவான நிலையங்கள் பெட்டியைத் திணறடித்து, இல்லாத இடங்களிலும் முளைக்கும். அதை ஜாமிங் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் எல்ஈடி பல்புகளும் போன் சார்ஜர்களும் போடும் இரைச்சலும் அப்படித்தான். வீட்டு இரைச்சல் அலைவரிசை முழுக்கப் பரவிக் கிடக்கும், மெயின் சுவிட்சை அணைத்தால் குறையும். ஜாமர் இலக்கு நிலையத்தின் மேல் மட்டுமே இருக்கும். நிகழ்ச்சி முடிந்தால் பெரும்பாலும் தானும் அடங்கிவிடும். சார்ஜில் போட்டபடி கேட்கவே வேண்டாம்.

சோவியத் நகரங்களில் உள்ளூர் ஜாமர்கள் சில கிலோமீற்றருக்குத்தான் முழுப் பலத்தோடு எட்டின. அதனால் மக்கள் நகருக்கு வெளியே போய்க் கேட்டார்கள். பிபிசியின் ரஷ்ய ஒலிபரப்பு மீதான ஜாமிங் 1987இலும், ரேடியோ லிபர்ட்டி மீதானது 1988இலும் நின்றது. நாசி ஜெர்மனி வேறு வழி பிடித்தது: சிற்றலையே இல்லாத மலிவான 'மக்கள் ரேடியோ'வை விற்றது, 1939 செப்டம்பரில் அந்நிய வானொலி கேட்பதைக் குற்றமாக்கியது. வட கொரியா இன்றும் அலைவரிசை பூட்டிய பெட்டிகளையே அனுமதிக்கிறது.

பிரித்தானியாவோ, போர்க்காலத்தில் பெர்லினிலிருந்து ஆங்கிலத்தில் பேசிய நாசிப் பிரசாரகர் லார்ட் ஹாஹாவைக் கேட்பதைச் சட்டத்தால் தடுக்கவில்லை. டோக்கியோ வானொலியும் ஆங்கிலத்தில் நேச நாட்டுப் படையினரை இழுத்துக்கொண்டிருந்த காலத்தில், நேச நாட்டுப் படைகளுக்கென ரேடியோ சீயாக் கொழும்பிலிருந்து ஒலித்தது. போருக்குப் பின் அது இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. எங்களுக்கு இந்த வழிதான் சரியாகப் படுகிறது: எதிராளியைவிட நல்ல நிகழ்ச்சி கொடுப்பது.

குறைகள்: ஒலிபெருக்கி சிறியது, மங்கலான குரலுக்கு இயர்போன் கட்டாயம். எஃப்எம் மட்டும் கேட்பவருக்கு விலை அதிகம். சூரியன் மறைந்தபின் 31, 25 மீற்றர் அலைகளில் (சுமார் 9500, 11800 கிலோஹெர்ட்ஸ்) தொடங்குங்கள். வீட்டில் இரைச்சல் தாங்கமுடியாவிட்டால் காலிமுகத்திடலில் கடலைப் பார்த்த ஓரமாக உட்காருங்கள், வயர்கூடத் தேவைப்படாது.