நான்கு வருட ஓட்டமும் ஒரு 2.5 மி.மீ. வளையமும்

டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து கிபா கார்ஜ் சைக்கிள் பூங்காவுக்கு நான்கு வருடமாக ஒரே ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன்) மவுண்டன் பைக்கில்தான் போகிறேன். பெடல்களைத் தாங்கும் கிராங்க் ஷிமானோ ஹாலோடெக் 2. அதன் அச்சு சுழலும் பேரிங் தொகுதியான பாட்டம் பிராக்கெட் மரை உள்ள வகை, அது உட்காரும் சட்டக் கூட்டின் அகலம் 73 மி.மீ.

முதல் ஒன்றரை வருடம் குறையே இல்லை. அப்புறம் ஒரு தைப்பூச விரதம் முடிந்து வண்டியை எடுத்தால், மிதிக்கும்போதெல்லாம் 'கடக்' என்று சத்தம். டர்பனின் கோடை மழை, உப்புக்காற்று, போதாததற்கு ஒவ்வொரு முறையும் பிரஷர் பைப்பால் பேரிங்மேலேயே தண்ணீர் அடிக்கும் என் பழக்கம். செயினைக் கழற்றிவிட்டு இரண்டு கிராங்கையும் பிடித்து ஆட்டினேன். இரண்டும் சேர்ந்தே ஆடின, ஆக பேரிங்தான். இடது கிராங்க் மட்டும் ஆடியிருந்தால் அதன் போல்ட்டுகளைப் பார்த்திருப்பேன்.

கடையில் கொடுத்துப் புது பாட்டம் பிராக்கெட் போட்டேன். 'கடக்' போய் 'கரகர' வந்தது. பின்னால் சின்னப் பற்சக்கரங்களுக்கு மாற்றினால்தான் வரும். சேறு ஒட்டிய நாளில் செயின்ரிங் (கிராங்கோடு சுற்றும் முன் பற்சக்கரம்) சட்டத்தை உரசிப் பெயின்ட்டையும் எடுத்துவிட்டது. செயினைக் கியர் மாற்றும் டீரெய்லரை மூன்று முறை திருகிப் பார்த்தேன். வீண் வேலை.

துறைமுகத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒரு இரும்பு ஸ்கேலோடு வந்தார். வலது கிராங்கை மேலே நிறுத்தி, சீட் டியூபுக்கும் (சீட்டைத் தாங்கும் சட்டக் குழாய்) அதற்கும் உள்ள இடைவெளியை அளந்தார். பிறகு இடது கிராங்கை. இரண்டுக்கும் 5 மி.மீ. வித்தியாசம்.

"கிராங்க் வளைஞ்சிருச்சா மாமா?"

"வளைஞ்சா சுத்தும்போது ஆடும்டா. இது ஆடல, மொத்தமா ஒரு பக்கம் தள்ளி நிக்குது. உள்ள ஏதாவது வளையம் இருக்கா?"

இருந்தது, இடப்பக்கம். 73 மி.மீ. கூட்டுக்கு 2.5 மி.மீ. வளையம் ஒன்று, வலப்பக்கம் மட்டும் வர வேண்டும். 68 மி.மீ. என்றால் வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. என் வண்டியில் பக்கம் மாறியதால் கிராங்க் முழுக்க 2.5 மி.மீ. இடப்புறம் நகர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் கூடியதால்தான் ஸ்கேலில் 5.

கழற்றும்போது என் அவசரம் வேறு. பேரிங்கைத் தாங்கும் வலப்பக்கக் கோப்பைக்கு எதிர்மரை, கடிகாரச் சுற்றில் திருகினால்தான் கழலும். அரை மணி நேரம் அதை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன், மாமா டீ குடித்தபடி வேடிக்கை பார்த்தார்.

மரைகளைத் துடைத்து, கிரீஸ் தடவி, வளையத்தை மாற்றி, கோப்பைகளை 40 நியூட்டன் மீட்டரில் இறுக்கினோம். கவனம் தேவைப்படுவது இடது கிராங்க்கின் பிளாஸ்டிக் மூடியில். அது ஆட்டத்தை எடுக்க மட்டும்தான், விரல் பலம் போதும். பலமாக முறுக்கினால் பேரிங் சீக்கிரம் போய்விடும். அதன் பிறகு பக்கத்துப் போல்ட் இரண்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை. நடுவிலுள்ள சின்னத் தகட்டின் முனை அச்சின் துளையில் உட்கார்ந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. கரகரப்பு திரும்பவில்லை. வண்டியை இப்போது வாளித் தண்ணீரில்தான் கழுவுகிறேன். போன மாதம் கிராங்கைச் சுற்றியபோது விரலுக்கு லேசாக மணல் மாதிரி தட்டுப்பட்டது. அடுத்த செட் வாங்கியாயிற்று. பெட்டிமேல் மார்க்கரால் எழுதியும் வைத்திருக்கிறேன்: 'வளையம் வலப்பக்கம்.'