சென்சாரா, பாஸ்பர் பிளேட்டா? பல்லிடுக்குச் சொத்தையைக் கண்காணிக்க எது உதவும்

எங்கள் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே ஃபிலிமைக் கைவிட்டு டிஜிட்டலுக்கு மாறியபோது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வாய்க்குள் வைத்ததும் கேபிள் வழியே கணினிக்குப் படத்தை அனுப்பிவிடும் சென்சார். மற்றது, ஃபிலிம் போலவே மெல்லியதாக இருந்து, படம் எடுத்தபின் ஸ்கேனரில் கொடுத்து வாசிக்க வேண்டிய பாஸ்பர் பிளேட். நாங்கள் வாங்கியது சென்சார். இன்று மறுபடி வாங்கச் சொன்னாலும் அதைத்தான் வாங்குவேன்.

இருட்டறை வேண்டாம், ரசாயனம் வேண்டாம், கதிர்வீச்சு குறைவு என்பதெல்லாம் இரண்டுக்கும் பொது. ஒரே பல்லை இரண்டிலும் எடுத்து வைத்தால், சொத்தை இருக்கிறதா என்று சொல்வதில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. அதனால் விற்பனையாளர் படத்தின் நுணுக்க அளவை எண்களாக அடுக்கும்போது நான் அதிகம் காது கொடுப்பதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு. பல்லிடுக்கில் தொடங்கும் சொத்தையை இப்போதெல்லாம் பார்த்தவுடன் குடைந்து அடைப்பதில்லை. எனாமலில் மட்டும் நிழல் தெரிந்து, மேற்பரப்பு உடையாமல் இருந்தால் ஃப்ளோரைடு, பல்லிடுக்குச் சுத்தம், இனிப்பு உண்ணும் தடவைகளைக் குறைப்பது என்று தொடங்கி, சில காலம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்க்கிறோம். சொத்தை வரும் வாய்ப்பு அதிகமுள்ள பெரியவர்களுக்கு 6 முதல் 18 மாதங்களிலும், மற்றவர்களுக்கு 24 முதல் 36 மாதங்களிலும் பைட்விங் (கடித்தபடி எடுக்கும், பல்லிடுக்குகளைக் காட்டும் எக்ஸ்ரே) எடுக்கலாம் என்பது 2012-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் தந்த பரிந்துரை. ஆக, இன்றைய படம் எவ்வளவு அழகு என்பதைவிட, போன முறை பார்த்த நிழல் வளர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கனிமச் சத்தில் சுமார் 30 முதல் 40 சதவீதம் போன பிறகே எக்ஸ்ரேயில் நிழல் விழும். பல்லுக்குள் சொத்தையின் உண்மையான ஆழமும் பெரும்பாலும் படத்தில் காண்பதைவிட அதிகம். இவ்வளவு மெல்லிய அடையாளத்தை இரண்டு படங்களில் ஒப்பிட வேண்டுமென்றால், இரண்டும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

அங்கேதான் சறுக்கல் வருகிறது. எக்ஸ்ரே பாயும் கிடைமட்டக் கோணம் கொஞ்சம் விலகினாலும் பக்கத்துப் பல்லின் எனாமல் இந்தப் பல்லின் மேல் ஏறி விழுந்து, பார்க்க வேண்டிய இடமே மூடிப்போகும். 1925-இல் ஹாவர்ட் ரேப்பர் பைட்விங் முறையை அறிமுகப்படுத்திய காலத்திலிருந்து கூடவே வரும் சிக்கல் இது. சென்சாரில் சில நொடிகளில் படம் திரைக்கு வந்துவிடுகிறது. சென்சாரைப் பிடித்திருக்கும் ஹோல்டர் இன்னும் வாயில் இருக்கும்போதே பழைய படத்தைப் பக்கத்தில் திறந்து, அந்த இடுக்கு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். மூடியிருந்தால் எக்ஸ்ரே குழாயை லேசாக நகர்த்தி, அந்த ஒரு படத்தை மட்டும் திரும்ப எடுக்கலாம். பிளேட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஸ்கேன் செய்த பிறகுதான் பிழை தெரியும். அதற்குள் ஹோல்டர் இருந்த நிலை போய்விடும். மறுபடி முதலிலிருந்து வைக்க வேண்டும். ஆனால் சென்சார் தரும் இந்தச் சுலபத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. "இன்னொன்று எடுத்துவிடலாம்" என்று கை நீண்டுகொண்டே போனால் மிச்சப்படுத்திய கதிர்வீச்சு அத்தனையும் வீணாகும். கண்காணிக்கும் இடுக்கு மூடியிருந்தால் தவிர மறுபடி எடுப்பதில்லை என்று எங்களுக்கு நாங்களே விதி வைத்திருக்கிறோம்.

பிளேட்டின் இன்னொரு குறை கீறல். நோயாளியின் கடி, ஸ்கேனரில் நுழைத்து எடுப்பது, துடைப்பது எல்லாமே அதன் மேற்பரப்பைத் தேய்க்கின்றன. கீறல் படத்தில் வெள்ளைக் கோடாக விழும். சொத்தையோ கருநிழல். எனாமலில் தொடங்கும் சின்ன நிழலின் மேல் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தால் அது கண்ணுக்குப் படாமலே போகலாம். ஸ்கேன் செய்யுமுன் வெளிச்சத்தில் கிடந்தாலும் பிளேட்டில் பதிந்த படம் மங்கும்.

சென்சாருக்கும் பராமரிப்புத் தலைவலி உண்டு. சென்சாரோடு கேபிள் சேரும் இடம்தான் முதலில் பழுதாகும். இறுக்கிச் சுற்றக் கூடாது, பல்லுக்கு நடுவே கேபிள் சிக்கக் கூடாது, கீழே விழவே கூடாது. பிளேட்டுகளில் ஒன்று போனால் அடுத்ததை எடுக்கலாம். இருக்கும் ஒரே சென்சார் போனால் வேலை நின்றுவிடும். அது தடிமனான, வளையாத பொருள். உள்தாடையில் எலும்புப் புடைப்பு உள்ளவர்களுக்கு வலிக்கும். படம் பதியும் பரப்பு அதன் வெளியளவைவிடச் சிறியது என்பதால் கோரைப்பல்லை ஒட்டிய இடுக்கு அடிக்கடி விளிம்புக்கு வெளியே போய்விடும். அதற்காகத் தனிப்படம் எடுக்க நேரிடுகிறது. 31 மி.மீ.க்கு 41 மி.மீ. அளவுள்ள பிளேட்டில் இந்தத் தொல்லை குறைவு.

எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். குழந்தைகளிடம் எனக்குள்ள அனுபவம் சொற்பம். குழந்தைகளே அதிகம் வரும் இடத்தில் என் வாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன வாய்க்கு மெல்லிய பிளேட் எளிதில் பொருந்துகிறது. வாய்க்குள்ளேயே போகாத சென்சாரால் என்ன பயன்?

எதை வாங்கினாலும், படத்தைக் கூர்மையாக்கும் மென்பொருள் வசதியில் கவனம் வேண்டும். அளவு மீறிக் கூர்மையாக்கினால் பழைய அடைப்பின் ஓரத்தில் இல்லாத கருங்கோடு தோன்றி, அடைப்புக்கு அடியில் புதுச் சொத்தை வந்ததுபோல் காட்டும். இரண்டு காலத்துப் படங்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அமைப்பில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பிளேட்டையே தேர்ந்தெடுப்பவர்கள் அவ்வப்போது ஒரு சோதனை செய்யலாம். பிளேட்டை மேசைமேல் வைத்து, குறுக்கே எதுவும் இல்லாமல் சமமாக ஒரு எக்ஸ்ரே கொடுத்து ஸ்கேன் செய்தால், கீறல்கள் எல்லாம் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்துவிடும். பற்கள் ஒன்றையொன்று தொடும் இடம் பதியும் நடுப்பகுதியில் கோடு ஒன்று ஓடினாலும் அந்தப் பிளேட்டைப் பைட்விங்குக்கு மறுபடி பயன்படுத்தக் கூடாது.